வரப்பைக் கடந்தது எது

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பது தாண்டி வழுக்கையும் விழுந்துவிட்டது. குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கோமதிநாயகம் இயற்பியல் வாத்தியாராக இருந்தார். அவருடைய வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, ஓயாமல் கேள்வி கேட்டு, அவர் உயிரை வாங்கியவர் ஜெபசெல்வி. அந்தப் பெண் மேலே படித்து, கடல் தாண்டிப் போய் அங்கேயும் படித்து, திரும்பி வந்து, காற்றாலைகள் சுற்றும் ஒரு பொட்டல் காட்டில் ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். கோமதிநாயகமோ அதே கல்லூரியில், அதே கரும்பலகைக்கு முன்னால், டாக்டர் பட்டம் வாங்காமலே தலை நரைத்துப் போனார். நரைத்த பிறகு ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்தது. படிப்புக்கென்று விடுப்பு வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டியோடு பழைய மாணவியின் வாசலில் வந்து நின்றார்.

"என்னைச் சேத்துக்கிடுவீங்களா, மேடம்?"

"உள்ள வாங்க சார். செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க."

சேர்க்கை அவ்வளவுதான்.

காவித்துணி ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்தக் கூடத்தை ஆசிரமம் என்றே சொல்லிவிடலாம். தூசி ஆகாது என்பதால் செருப்புக்கு அனுமதியில்லை. உள்ளறையில் எப்போதும் இருட்டு. வெளிச்சத்திலிருந்து வருகிறவர்கள் நடுவில் உள்ள சின்ன அறையில் கண் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் உட்கார்ந்தவுடன் மனிதனுக்குப் பேச்சு தானே நின்றுவிடுகிறது.

உள்ளே இருந்தது ஓர் ஊசி. தைக்கிற ஊசியெல்லாம் அதன் பக்கத்தில் உலக்கை. அவ்வளவு கூர்மை. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் அதைத் தொங்கவிட்டு, உறையக் குளிரவைத்து, மின்னழுத்தம் கொடுத்தால், ஊசிமுனையில் உள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். எந்த உலோகம் என்கிறீர்களா? பெயர் வாயில் நுழையாது. நமக்கு அது வேண்டவும் வேண்டாம்.

அந்தப் பரப்பு உழுத வயல் மாதிரி இருக்கும். அணுக்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். அடுத்தது ஒரு பள்ளம். மறுபடி ஒரு வரிசை, மறுபடி ஒரு பள்ளம். வரிசையை வரப்பு என்றும் பள்ளத்தை வாய்க்கால் என்றும் அங்கே சொல்வார்கள். வயலில் இறங்கியே பார்க்காத பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் நாள் கோமதிநாயகம் திரையையே பார்த்தபடி கேட்டார்.

"ஒரு உலோகத்துல கீறல் போட்டுச் சூடு காட்டுனா, கொஞ்ச காலத்துல கீறல் தூந்துபோவுது. யாரும் மண்ணள்ளிப் போடல. அம்புட்டு சரக்கையும் யாரு மேடம் சுமந்துக்கிட்டு வாரது?"

"அணுதான் சார். ஒண்ணொண்ணா நகந்து வருது."

"வாய்க்கால்ல ஓடுதது சரி. வரப்பு குறுக்க வந்தா?"

"தாண்டிருது."

"எப்படித் தாண்டுது?"

ஜெபசெல்வி நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"அதப் பாக்கத்தான சார் வந்திருக்கீங்க."

கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்கவில்லை.

வேலை இப்படித்தான். வாய்க்காலில் தனியாக ஓர் அணுவை விடுவார். குளிரில் அது விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். படம் எடுப்பார். கொஞ்ச நேரம் சூடு காட்டுவார். மறுபடி குளிரவைத்துப் படம் எடுப்பார். அணு வாய்க்காலோடு மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அடுத்த வாய்க்காலில் ஓர் அணு உட்கார்ந்திருக்கும். இந்த வாய்க்கால் காலி.

இடையில் நடந்தது மட்டும் யார் கண்ணிலும் படாது. சூட்டில் திரை தெரியாது. குளிரில் அணு நகராது. படைத்தவன் திட்டம் போட்டுத்தான் இப்படி வைத்திருக்கிறான் என்று கோமதிநாயகம் பல்லைக் கடிப்பார்.

வரப்பின் மேல் ஏறி இறங்க எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அவர் கொடுத்த சூடு அதற்குக் காணாது. கணக்கு அப்படித்தான் சொன்னது.

"கணக்கு தப்பு" என்றார் கோமதிநாயகம். "ஏறித்தான் தாண்டுது. ஏறி நிக்கையில ஒருதடவ அதப் பிடிச்சிட்டேன்னா போதும்."

ஆய்வுத் தலைப்பையே அப்படித்தான் பதிவு செய்தார்: இந்த உலோகத்தில் அணு வரப்பின் மேல் ஏறியே கடக்கிறது. ஜெபசெல்வி படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. சூட்டைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கண் இமைக்கும் நேரம் சூடு காட்டிவிட்டுச் சடக்கென்று குளிரவைத்தார், நடுவழியில் அகப்படாதா என்று. அணு ஒன்று இந்தப் பக்கம் இருந்தது, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருந்தது. வரப்பின் மேல் ஒரு தடவைகூட இல்லை. மற்றவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனார்கள். அவர் போகவில்லை. வீட்டிலிருந்து அவர் மனைவி, "பிடிச்சாச்சா?" என்று போனில் கேட்பார். "இந்தா, பிடிச்சிருவேன்" என்பார் இவர். கேட்டால் மீன் பிடிக்கப் போனவர் மாதிரி இருக்கும்.

ஒருநாள் நிஜமாகவே ஒன்று மாட்டியது.

வரப்புக்கு மேலே, மங்கலாக, விரலால் தேய்த்து இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம். புள்ளி என்று சொல்ல முடியாது. புள்ளி இல்லை என்றும் சொல்ல முடியாது. கோமதிநாயகம் பக்கத்து மேசையில் இருந்த ஆய்வு மாணவன் லிங்கதுரையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஜமாய்ச்சிட்டீங்க சார்! இதையே போடுங்க. யாரு குறுக்கக் கேக்கப் போறா?" என்றான் லிங்கதுரை. அவன் நல்ல பையன். எல்லாருக்கும் சீக்கிரம் பட்டம் கிடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவன்.

ஜெபசெல்வி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அணுவா மேடம்?"

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"அணுதான்."

"அப்ப இன்னொருக்க வரும் சார். வரட்டும்."

அது இன்னொரு தடவை வரவில்லை. அதே சூடு, அதே நேரம், அதே இடம் என்று எத்தனையோ தடவை செய்து பார்த்தார். வரவேயில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டம் கொடுக்கிற குழுவின் முன்னால் வைத்திருந்தால் பாதிப் பேர் தலையாட்டியிருப்பார்கள். கோமதிநாயகத்துக்கு அது தெரியும். வைக்கவில்லை. ஆனால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அதை ஒரு மூலையில் போட்டு வைத்து, மனம் சோரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இதற்குள் விடுப்பு முடிகிற மாதம் வந்துவிட்டது. நீட்டிக்க வழியில்லை. மாதக் கடைசியில் குழு கூடும். அதன் முன்னால் நின்று, அணு எப்படிக் கடக்கிறது என்று அவர் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பட்டம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய கரும்பலகைக்கே போக வேண்டியதுதான். கல்லூரியில் அவரை வழியனுப்பும்போதே, "ரிட்டயர் ஆவுத வயசுல உமக்கு எதுக்குவே இது?" என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு மத்தியானம் கேன்டீனில் குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"ஏறுததுக்குத் தெம்பு இல்ல. ஆனா அந்தப் பக்கம் இருக்கு. எப்படி மேடம்?"

ஜெபசெல்வி சுற்றிலும் பார்த்தார்.

"தண்ணி வேணுமே சார்."

தண்ணீர்ப் பானை எதிர்ச் சுவரோரம் இருந்தது. நடுவில் சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, ஒருவன் முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குக் கோழிக் குழம்பு. இடுக்கில் ஈ புகுந்து போக முடியாது. கோமதிநாயகம் எழுந்தார்.

"நீங்க இருங்க சார்."

ஜெபசெல்வி வரிசைக்கு நேரே நடந்தார். நடுவில் நின்ற லிங்கதுரையின் தோளைத் தொட்டார்.

"உன் எடத்துல நான் நிக்கேன். தண்ணி கொண்டா."

ஜெபசெல்வி ஓரமாகத் தோளை நுழைத்தார். லிங்கதுரை பக்கவாட்டில் பிதுங்கி அந்தப் பக்கம் விழுந்தான். வரிசை அறுபடவில்லை. முன்னால் நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிங்கதுரை ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, வரிசையின் தலைக்கு மேலாக நீட்டினான். ஜெபசெல்வி அதை வாங்கிக்கொண்டு வந்து சீடரின் இலைப் பக்கத்தில் வைத்தார்.

கோமதிநாயகம் செம்பைத் தொடவில்லை. அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"அந்தக் கதைய நானும் படிச்சிருக்கேன், மேடம்."

உண்மைதான், படித்திருந்தார். வேறு சில உலோகங்களில் அப்படி நடக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். வாய்க்காலில் வந்த அணு வரப்பின் மேல் ஏறுவதில்லை. வரப்புக்குள்ளேயே முட்டி நுழைந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் இருந்த அணு அந்தப் பக்க வாய்க்காலில் போய் விழுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் அணு கடந்த மாதிரிதான் தெரியும்.

"அது வேற உலோகம். இது அப்படியில்ல."

"சரி சார்."

"சரின்னு சொல்லாதீங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது சார். நானும் பாக்கல."

கோமதிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது ஜெபசெல்வி மேல் வந்த கோபம் இல்லை. ஆனால் எதிரே இருந்தது அவர்தான்.

"இத்தன வருசம் நான் என்ன செஞ்சேன்? வரப்பு மாதிரி நின்னேன். வந்த பிள்ளைய எல்லாம் என் மேல ஏறித் தாண்டிப் போச்சு. நீங்களும்தான் போனீங்க. சந்தோசமா இருந்துது, இல்லன்னு சொல்லல. ஆனா நான் நின்ன எடத்துலயேதான நின்னேன்? இப்பதான் வாய்க்கால்ல எறங்கியிருக்கேன். என் அணு ஏறும். தாண்டும். பாத்துக்கிட்டே இருங்க."

பக்கத்து மேசைகளில் கை நின்றுவிட்டது. வாத்தியார் இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஜெபசெல்வியின் கண் ஒரு நிமிடம் கலங்கியது. அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.

"எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க சார்" என்றார்.

கோமதிநாயகம் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். கீழே வைத்தபோது அவர் வாத்தியாராகிவிட்டிருந்தார்.

"வரப்பும் ஒரே உலோகம், விடுத அணுவும் அதே உலோகம். அதான் வெனை. எது எதுன்னு தெரியல. வேற சாதி அணுவ விடணும். டங்ஸ்டன் விடுவோம். அடுத்த வாய்க்கால்ல இருக்கத மின்சாரத்த வச்சுப் பிடுங்கிப் பறக்க விட்டா, பறக்குத வேகத்துலயே என்ன உலோகம்னு தெரிஞ்சிரும். அங்க டங்ஸ்டன் இருந்தா நான் சொன்னது சரி. ஏறித் தாண்டியிருக்கு."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் பதிஞ்சு குடுத்த தலைப்பு பொய்."

ஜெபசெல்வி யோசித்தார்.

"டங்ஸ்டன் கம்பி வைக்கணும்னா கலத்தத் திறக்கணும். திறந்தா காத்து புகுந்துரும். திரும்ப உறிஞ்சி, சூடேத்தி, ஈரமெல்லாம் போயி, பழைய நெலமைக்கு வரதுக்குள்ள உங்க மாசம் முடிஞ்சிரும் சார். கடைசியில ரெண்டு மூணு நாள் கெடச்சா உண்டு. திறக்காம, கையில இருக்கதோட இந்த மாசமும் அளந்து பாத்தா குழு முன்னால ஏதோ சொல்லலாம். ஒரு பாதிப் பதிலாவது இருக்கும்."

"பாதிப் பதிலுக்கா நான் வீட்ட விட்டு வந்தேன்?"

"திறந்தா அதுவும் போயிரும்."

"திறங்க, மேடம்."

அன்று மாலையே கலத்தைத் திறந்தார்கள். அடேயப்பா, அந்த மனிதரின் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது! தான் சொன்னது பொய்யாகிவிடக்கூடிய ஒரே சோதனையைத் தானே தேடிப் பிடித்து, அதற்காகக் கையில் இருந்த பாதியையும் பணயம் வைத்துவிட்டார். லிங்கதுரை தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் கம்பியைப் பொருத்தும்போது விளக்குப் பிடித்தவனும் அவன்தான்.

கலத்தை மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பம்புகள் ஓடின. கலத்தைச் சுற்றித் தகடு மூடி அடுப்பு மாதிரி சூடேற்றினார்கள். கோமதிநாயகம் தினமும் காலையில் வந்து அளவுமானியைப் பார்ப்பார். முள் மெல்ல மெல்லத்தான் இறங்கும். வெளியே போய்ச் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்ப்பார். மறுபடி உள்ளே வந்து முள்ளைப் பார்ப்பார். அந்த நாட்களில் குருவிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடைசியில் முள் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. விடுப்பில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

இருவரும் சின்ன அறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு உள்ளே போனார்கள். கோமதிநாயகம் டங்ஸ்டன் கம்பியைச் சூடாக்கி, ஊசிமுனையின் மேல் ஓர் அணுவைத் தூவினார். குளிரில் படம் எடுத்தார். வாய்க்காலில் ஒரே ஒரு புள்ளி. இரண்டு பக்கமும் வரப்பு.

"இதுதான் என் ஆளு" என்றார்.

சூடு காட்டினார். திரை இருண்டது. அந்த இருட்டில் அவர் மூச்சுவிடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. மறுபடி குளிரவைத்தார். திரை மெல்லத் தெளிந்தது.

இந்த வாய்க்கால் காலி. அடுத்த வாய்க்காலில் ஒரு புள்ளி.

"தாண்டிட்டுது!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார் கோமதிநாயகம். வழுக்கைத் தலை விளக்குத் தண்டில் மோதியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"பிடுங்கிப் பாருங்க சார்."

பிடுங்கிப் பார்த்தார். புள்ளி மறைந்தது. பறந்த வேகம் கருவியில் எண்ணாக வந்தது. கோமதிநாயகம் அந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

டங்ஸ்டன் இல்லை.

"பிசகா இருக்கும். இன்னொருக்க செய்வோம்."

இன்னொரு அணுவைத் தூவி முதலிலிருந்து செய்தார்கள். அப்போதும் இல்லை. மறுநாளும் செய்தார்கள். அடுத்த வாய்க்காலில் உட்கார்ந்திருந்தது எப்போதும் உள்ளூர் உலோகம்தான். கடைசித் தடவை, கோமதிநாயகமே வரப்பின் அணுக்களையும் வரிசையாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்று, உள்ளூர். அடுத்தது, உள்ளூர். அதற்கடுத்தது டங்ஸ்டன். வரப்புக்குள், மற்ற அணுக்களோடு தோளோடு தோளாக, அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்திருந்தது அது.

கோமதிநாயகம் மின்னழுத்தத்தைக் குறைத்து, கருவியை முறைப்படி அணைத்தார். கம்ப்யூட்டரின் மூலையில் கிடந்த அந்த மங்கல் படத்தை எடுத்து அழித்தார். ஜெபசெல்வி விளக்கைப் போடவில்லை.

"நாளைக்குக் குழு கூடுது" என்றார் ஜெபசெல்வி.

"தெரியும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"ஏறித் தாண்டும்னு சொன்னேன். அது பொய். வந்த அணு வரப்புக்குள்ள போயி உக்காந்துக்கிடுது. ஆதாரம் இந்தா இருக்கு. இத நிமிந்து நின்னு சொல்லுவேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"அதுக்குப் பட்டம் குடுப்பாங்க, சார். இந்த உலோகத்துல இத இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"குடுக்கட்டும். வேணாம்னு சொல்லல. அதுக்குத்தான வந்தேன்."

பிறகு அவர் குரல் இறங்கிப் போயிற்று. அந்தக் குரலில் அவர் பேசி ஜெபசெல்வி வகுப்பிலும் கேட்டதில்லை, இங்கேயும் கேட்டதில்லை.

"ஆனா என் அணு தாண்டல, மேடம். வந்த வழியிலயே அடைஞ்சு போச்சு. அம்புட்டு ஆசப்பட்டேன். ஒருத்தன் மொதல்லருந்து கடைசிவர தானா நடந்து, தானா ஏறி, அந்தப் பக்கம் போயி நிக்கதப் பாக்கணும்னு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லியே."

"அடுத்த வாய்க்கால்ல ஒண்ணு இருந்துதே சார்."

"அது என் அணு இல்ல."

"அது எங்க இருந்துது?"

"வரப்புலதான்."

"எவ்வளவு காலமா?"

"எவ்வளவு காலமான்னா... இந்த உலோகம் உண்டான நாள்லருந்து அங்கதான் இருந்திருக்கும். அசையாம."

"இப்ப எங்க வந்துது?"

"அடுத்த வாய்க்காலுக்கு."

ஜெபசெல்வி இருட்டில் அவர் முகம் இருந்த பக்கம் திரும்பினார்.

"அது தாண்டும்னு நீங்ககூடச் சொல்லலியே, சார்."